எலும்பு சாட்சி சொல்லும்வரை

மாவுக்கட்டு பிரிக்கும் அறையின் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். கட்டு பிரித்தவர்களில் பெரும்பாலானோர் கையை முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பார்கள், ஆறு வாரமாய் அரித்த இடத்தை ஆசை தீரச் சொறிவார்கள், சிரித்தபடி வெளியே போவார்கள். எப்போதாவது ஒருவர் மட்டும் அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஃபேன் காற்று படாத மூலையாகப் பார்த்துப் போய் உட்காருவார். விரல்கள் வீங்கி, தோல் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும். காலையில் தணலாகக் கொதித்த கை மாலையில் ஊதா பூத்துக் குளிர்ந்து கிடக்கும். முந்தானை நுனி உரசினால் போதும், சுளீரென்று உயிர் போகும். வளையல் ஏறாது. பேரப்பிள்ளை ஓடிவந்து விரலைப் பிடித்தால் அலறிவிடுவார்.

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்தால், முறிந்த எலும்பு ஒழுங்காகக் கூடியிருக்கும். “நல்லா சேர்ந்திருக்கும்மா, போகப் போகச் சரியாயிடும்” என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் பத்து நாள் பொறுப்பார்கள். அப்புறம், “கட்டுதான் பிரிச்சாச்சே, இன்னும் எதுக்குக் கையைத் தூக்கி வெச்சிக்கிட்டு?” என்ற கேள்வி வரும். அதற்கும் அப்புறம், வலி கையில் இல்லை, மனசில்தான் என்ற தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பு தவறு. அதைச் சொல்பவர் வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, மருத்துவராக இருந்தாலும் சரி.

மருத்துவ உலகம் இந்த நிலைக்கு வைத்திருக்கும் பெயர் ‘காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்’, சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். காயம் ஆறிய பிறகும் ஒரு கையையோ காலையோ பற்றிக்கொண்டு விடாத நரம்பு வலி அது. தொடக்கம் மணிக்கட்டு முறிவாக இருக்கலாம், கணுக்கால் சுளுக்காக இருக்கலாம், சிறிய அறுவை சிகிச்சையாகவும் இருக்கலாம். பட்ட அடிக்கும் படுகிற வலிக்கும் சம்பந்தமே இருக்காது. ஆண்களைவிடப் பெண்களுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. நெதர்லாந்தில் 2007-ல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 26 பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தை வைத்து 2003-ல் வந்த ஆய்வு, ஐந்தரைப் பேர் என்றது. எந்த அறிகுறிகள் இருந்தால் இந்த நோய் என்று எண்ணுவது என்பதில் அப்போது ஒருமித்த கருத்து இல்லாததும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 7.21 கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டுக்கு அதே விகிதம் பொருந்துமானால், ஆண்டுக்கு நாலாயிரம் பேரை ஒட்டி வருகிறது.

நரம்பு வலி என்றுதான் பெயர். ஆனால் எலும்பையும் அது விட்டுவைப்பதில்லை. இந்தச் செய்தியை நோயாளிகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்ட மருத்துவர்களில் சிலரோ எலும்பில் மாற்றம் தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். இந்தக் காத்திருப்புதான் பெரிய கெடுதல்.

வலியின் கதை எலும்பின் கதையைவிடப் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் என்ற மருத்துவமனையில், நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களுக்கென்றே தனிப் பிரிவு நடந்தது. சைலஸ் வெயர் மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்ற மூன்று மருத்துவர்கள் அங்கே கண்டதை 1864-ல் புத்தகமாக எழுதினார்கள். புண் ஆறிப்போன சிப்பாய்கள் கை எரிகிறது, எரிகிறது என்று துடித்தார்கள். ஈரத் துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, ஒரு நிமிடம்கூட அது உலராமல் தண்ணீர் விட்டபடியே இருந்தார்கள். பூட்ஸுக்குள்கூடத் தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்கள் உண்டு. வார்டில் யாராவது நடந்துபோகும் அதிர்வும், செய்தித்தாள் மடங்கும் சத்தமும், ராணுவ பேண்டு வாத்தியமும் அவர்கள் வலியைக் கூட்டின. இவற்றை எழுதி வைத்த மிட்செல் அந்தச் சிப்பாய்களைக் கோழைகள் என்று ஒதுக்கவில்லை. தீர விசாரித்து, தோல் எப்படி மாறியது, நகம் எப்படி வளைந்தது என்பதையெல்லாம் குறித்துவைத்தார். எரியும் வலி என்ற பொருளில் ‘காசால்ஜியா’ என்ற பெயரும் அவர் வழியாகவே வழக்குக்கு வந்தது. ஆனால் தோலுக்கு அடியில் எலும்புக்கு என்ன ஆகிறது என்று பார்க்க அவருக்கு வழியில்லை.

வழி 1895-ல் பிறந்தது. ரான்ட்ஜன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடித்து ஐந்தே ஆண்டுகளில், 1900-ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் பால் சூடெக் ஒரு விநோதத்தை எடுத்துச் சொன்னார். அடிபட்டு வீங்கி வலிக்கும் கைகால்களில் எலும்பு சில வாரங்களிலேயே மெலிந்துபோகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராக மெலியாமல், கறையான் அரித்த பலகைபோல் திட்டுத் திட்டாகக் கரைகிறது. வெறுமனே அசைக்காமல் வைத்திருந்தால் எலும்பு இவ்வளவு வேகமாகக் கரையாது, இதில் அழற்சி இருக்கிறது என்பது அவருடைய வாதம். ‘சூடெக் அட்ரோபி’ என்று சொல்லும் மூத்த எலும்பு மருத்துவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்கள் குறிப்பிடுவது இதே நோயைத்தான். இன்றைய பெயர் 1994-ல் வந்தது. 2003-ல் புடாபெஸ்ட் நகரில் நிபுணர்கள் கூடி, நோயை எப்படி அடையாளம் காண்பது என்று விதி வகுத்தார்கள்.

அந்த விதிகளில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொட்டாலே வலிப்பது, நிறமும் சூடும் மாறுவது, வீக்கமும் வியர்வையும், அசைவு குறைந்து தோல் – முடி – நகம் மாறுவது ஆகிய நான்கு வகை அறிகுறிகளைக் கேட்டும் கண்ணால் பார்த்தும் முடிவு செய்யச் சொல்கிறார்கள். வேறு எந்த நோயாலும் இதை விளக்க முடியாது என்பதும் உறுதியாக வேண்டும். எக்ஸ்ரேவில் எலும்பு மெலிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நோயோடு சேர்த்தே பேசப்பட்ட ஓர் அடையாளத்தை நிபுணர்களே பட்டியலில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் எளிது. எல்லோருக்கும் அது வருவதில்லை. வந்தாலும் தாமதமாகத்தான் கண்ணில் படுகிறது.

எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் சுமார் 30 சதவீதம் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேவில் அது தெரியும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். பத்து மூட்டை நெல் இருந்த குதிரில் மூன்று மூட்டை போன பிறகுதான் குறைந்ததே தெரிகிறது என்பது போன்ற நிலை. டெக்னீசியம் ஊசி போட்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன், எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. போன்றவை கொஞ்சம் முன்னதாகச் சொல்லக்கூடும். அவையும் எல்லோரிடமும் காட்டுவதில்லை. ஆகவே “எக்ஸ்ரே நார்மல்” என்ற ஒரு சொல்லை வைத்து, “உங்களுக்கு ஒன்றுமில்லை” என்று ஒருவரை அனுப்பிவைப்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது.

எலும்பு உயிருள்ள பொருள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சுவருக்குள் இருக்கும் கம்பியைப்போல அதை எண்ணிப் பழகிவிட்டோம். வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. பழைய எலும்பை அமிலம் சுரந்து கரைக்கும் செல்கள் ஒரு பக்கம் வேலை செய்ய, பின்னாலேயே கொத்தனார் செல்கள் வந்து பூசிக்கொண்டு போகின்றன. இரண்டு வேலையும் சமமாக நடக்கும்வரை கவலையில்லை. இடிக்கும் கூட்டம் பெருகிக் கொத்தனார் கூட்டம் குறைந்தால், வெளியே தெரியாமல் உள்ளே பொக்கை விழும்.

இந்த வேலைத்தளத்துக்குள் நரம்புகள் நிறைய ஓடுகின்றன. கட்டில் காலில் முழங்காலுக்குக் கீழே இடித்துக்கொண்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வலி நரம்புகள் அடர்ந்திருக்கின்றன. எலும்பின் உள்ளேயும் ரத்தக் குழாய்களோடு சேர்ந்து போகின்றன. அவை மூளைக்குச் சேதி சொல்வதோடு நிற்பதில்லை. எரிச்சலுற்ற நரம்பு முனைகள் ‘சப்ஸ்டன்ஸ் பி’, ‘சி.ஜி.ஆர்.பி.’ போன்ற வேதிப்பொருள்களை அங்கேயே கசியவிடுகின்றன. ரத்தக் குழாய் விரிகிறது, வீக்கம் வருகிறது, சூடு ஏறுகிறது. இந்தக் கொந்தளிப்பு எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் செல்கள் சுரக்கும் அமிலம், பக்கத்திலுள்ள வலி நரம்பை மறுபடியும் சுடுகிறது. வலி எலும்பைக் கரைக்க, கரையும் எலும்பு வலியைக் கூட்ட, ஒன்றை ஒன்று துரத்துகிற சுழல்.

நம்மை அறியாமல் இதயத் துடிப்பையும் வியர்வையையும் ஆளும் தானியங்கி நரம்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. அவற்றின் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் கதவுகள் கொத்தனார் செல்களின் மேலேயே இருப்பதையும், அந்தச் சமிக்ஞை ஓங்கினால் எலும்பு கட்டும் வேலை மந்தமாவதையும் ஜெரார்டு கார்சென்டியின் ஆய்வுக் குழு 2002-ல் எலிகளில் காட்டியது. சி.ஆர்.பி.எஸ். வந்த கை நிறம் மாறி, கண்டபடி வியர்த்து, சூடும் குளிருமாக அலைக்கழிவதைப் பார்த்தாலே, இந்த நரம்புகள் நிலை தடுமாறியிருப்பது தெரியும்.

இதற்கெல்லாம் மேலே அசையாமை வந்து உட்காருகிறது. சுமை தாங்கும் எலும்புதான் உறுதியாகும், வேலையில்லாத எலும்பு மெலியும் என்று ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892-லேயே எழுதினார். விண்வெளி வீரர்கள் இதற்கு நல்ல உதாரணம். எடையற்ற நிலையில் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் கரைகிறது. தொட்டாலே சுடுகிற கையை எவர் வேலைக்கு விடுவார்? முதலில் குடத்தைத் தூக்குவது நிற்கும், பிறகு கதவுத் தாழ்ப்பாள், பிறகு சாதம் பிசைவது. அசைக்காத கையில் தசை வற்றுகிறது, மூட்டு இறுகுகிறது, எலும்பும் சேர்ந்து தேய்கிறது. எந்தப் பங்கு நரம்பால், எந்தப் பங்கு அசையாமையால் என்று பிரித்துக் காட்டுவது கடினம். ஆனால், “நீங்க அசைக்காததாலதான் இப்படி ஆச்சு” என்று நோயாளியின் தலையில் முழுப் பழியைப் போடுவதற்கு ஆதாரம் இல்லை. சூடெக் கண்ட வேகத்தை அசையாமை ஒன்றால் விளக்கிவிட முடியாது.

நரம்பு கெட்டால் எலும்பு கெடும் என்ற பாடத்தைத் தமிழ்நாடு வேறொரு வாசல் வழியாகக் கற்றது. கொல்லிமலையில் 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் உலகமே அப்போது நம்பியது. பிராண்ட் ஒவ்வொரு காயமாகப் பின்தொடர்ந்து போனார். சூடான பாத்திரம், தெறித்த தீப்பொறி, துருப்பிடித்த பூட்டை முழுப் பலத்தோடு திருகிய கை, தூக்கத்தில் எலி கடித்தும் விழிக்காத விரல். வலி நரம்பு செத்துப்போனதால் காயம் மேல் காயம் சேர்ந்து, புண்ணில் கிருமி ஏறி, எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து விரல் குட்டையாகிறது என்று நிறுவினார். பராமரிப்பு இருந்தால் விரல்கள் பிழைக்கும் என்றும் காட்டினார். அந்தக் கண்டுபிடிப்பு தொழுநோயாளிகள் மேலிருந்த அருவருப்பில் பாதியைத் துடைத்தது என்றால் மிகையில்லை.

அதே பாடம் இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் திரும்பி வந்திருக்கிறது. நரம்பு கெட்ட மூட்டு நொறுங்கிப்போவதை பிரான்ஸின் ஷார்கோ 1868-ல் எழுதினார். அவர் பார்த்தது முற்றிய மேக நோயில். நீரிழிவிலும் அப்படி நேர்வதை வில்லியம் ஜோர்டன் 1936-ல் சுட்டிக்காட்டினார். ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் பலருக்கு உள்ளங்காலில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல் எல்லாம் உண்டு. ஒருநாள் அப்படி ஒருவரின் பாதம் சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாகிறது. வலி அதிகம் இல்லாததால் அவர் நடந்துகொண்டே இருப்பார். கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுப்பார்கள். இங்கேயும் தொடக்கத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது. காட்டும்போது பாதத்தின் வளைவு உடைந்து, படகுபோல் அடிப்பக்கம் புடைத்திருக்கும். பாதத்தோடு ஒட்டி முழுதாக மாவுக்கட்டுப் போட்டு எடையை இறக்குவதுதான் இதற்கான முதன்மைச் சிகிச்சை. தொழுநோயாளிகளின் கால் புண்ணுக்காக இந்தியாவில் கையாளப்பட்ட அந்த முறையை பிராண்ட்தான் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியது அவசியம். ஷார்கோ பாதம் எனப்படும் இந்த நொறுங்கும் பாதத்தை அசையாமல் கட்டிவைக்க வேண்டும். சி.ஆர்.பி.எஸ். கையை, எவ்வளவு மெதுவாக என்றாலும், அசைத்தே ஆக வேண்டும். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடு. சிவந்து வீங்கிய ஒரு கைகாலைப் பார்த்து, “நரம்புத் தளர்ச்சி, ரெஸ்ட் எடுங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

நரம்பு வலிக்குக் கொடுக்கும் மருந்துகளும் எலும்பைத் தொடும். முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல வெட்டும் நரம்பு வலிக்குப் பல்லாண்டுகளாகக் கொடுத்துவரும் கார்பமாசெபின், உடலில் வைட்டமின் டி-யை வேகமாகச் சிதைக்கும். ஃபெனிடாயினும் அப்படியே. ஸ்டீராய்டு நீண்ட நாள் போனால் எலும்பு மெலியும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். அதற்காக யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் சிலவற்றில் பெரும் ஆபத்து உண்டு. வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், வைட்டமின் டி அளவையும் எலும்பு அடர்த்தியையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

எலும்பைக் காப்பாற்றினால் வலியும் அடங்குமா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் முப்பது வருடங்களாகத் துரத்துகிறார்கள். எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் முதலில் பெரிய நம்பிக்கை தந்தன. இத்தாலியில் 82 பேரை வைத்துச் செய்து 2013-ல் வெளியான சோதனையில், நெரிட்ரோனேட் ஊசி போட்டவர்களில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. பின்னர் பிற நாடுகளில் தொடங்கிய பெரிய சோதனைகள் பலன் தெரியவில்லை என்று நடுவிலேயே நிறுத்தப்பட்டன. நோய் தொடங்கிய புதிதில், கை இன்னும் சூடாக இருக்கும் கட்டத்தில் சிலருக்கு இவை உதவக்கூடும் என்பதுதான் இன்று நியாயமாகச் சொல்லக்கூடியது.

வைட்டமின் சி விஷயமும் இப்படித்தான். மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு 50 நாள் தினம் 500 மில்லிகிராம் கொடுத்தால் இந்த நோய் வருவது குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வுகள் 1999-லும் 2007-லும் சொல்லின. இரண்டாவது ஆய்வில் மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 10.1 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. வைட்டமின் சி சாப்பிட்டவர்களில் அது 2.4 சதவீதம். எடின்பரோவில் 336 பேரை வைத்து 2014-ல் வந்த சோதனையோ வித்தியாசமே இல்லை என்றது. மலிவான, பெரிய கெடுதல் இல்லாத மாத்திரை என்பதால் பல மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் பிழையில்லை. அதைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் பிழை.

மாத்திரையைவிட ஒரு கேள்வி அதிகம் சாதிக்கும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. லோரிமர் மோஸ்லி என்ற ஆஸ்திரேலிய வலி ஆய்வாளரும் அவர் குழுவினரும் மணிக்கட்டு முறிந்த 1,549 பேரைத் தொடர்ந்து கவனித்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முறிந்த முதல் வாரத்தில், “கடந்த இரண்டு நாளாக வலி பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டார்கள். ஐந்தும் அதற்கு மேலும் சொன்னவர்களை உடனே எச்சரிக்கைப் பட்டியலில் வைக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டது. நோய் வரப்போகிறவர்களை அந்த ஒரு எண் பெருமளவுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. ஸ்கேன் வேண்டாம், ஊசி வேண்டாம், கட்டணமும் இல்லை. எலும்பு சாட்சி சொல்ல மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். நோயாளியின் வாய் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறது. “கட்டு ரொம்ப இறுக்கமா இருக்குங்க” என்று மூன்றாம் நாள் வந்து நிற்பவரை, “அப்படித்தாம்மா இருக்கும்” என்று திருப்பி அனுப்பும்போது நாம் தவறவிடுவது அந்தச் சாட்சியைத்தான். ஆஸ்பத்திரி மாவுக்கட்டுக்கும் புத்தூர் கட்டுக்கும் இது பொதுவானது.

சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்குவது எத்தனை முக்கியம் என்பதை ஒரு கண்ணாடி காட்டியது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலிக்கிறது என்று துடித்தவர்களுக்காக 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை உருவாக்கினார். நல்ல கையைக் கண்ணாடி முன் அசைத்தால், இல்லாத கை வலியில்லாமல் அசைவதுபோல மூளை நம்பும். இதையே இங்கிலாந்தில் கேண்டி மெக்கேப் என்ற ஆய்வாளர் எட்டு சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளிடம் செய்துபார்த்து 2003-ல் எழுதினார். நோய் வந்து எட்டு வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு வருடம் கடந்தவர்களுக்குப் பலனில்லை. எட்டே பேர் என்பதால் இதைத் தனிச் சான்றாக வைத்துவிட முடியாது. ஆனாலும் கண்ணாடியும் படிப்படியான கற்பனை அசைவுப் பயிற்சியும் இன்று பல நாட்டுச் சிகிச்சை முறைகளில் இடம்பெற்றிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கான வழிகள் பாதி ஏற்கெனவே போடப்பட்டிருக்கின்றன. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். முதல் 48 மணி நேரத்தில் உயிர் பிழைத்தவரின் கை என்ன ஆனது என்று ஆறாவது வாரத்தில் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டின் பட்டியலில், மாவுக்கட்டுப் போட்டு அனுப்பப்பட்டவர்களின் பெயரும் சேர வேண்டும். கட்டுப் போடும் நாளில் கொடுக்கும் சீட்டிலேயே நாலு வரி தமிழில் அச்சடிக்கலாம். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களைத் தினமும் மடக்கி நீட்டுங்கள், தோளையும் முழங்கையையும் அசையுங்கள், முதல் வாரத்திலேயே வலி தாங்க முடியாமல் இருந்தால் உடனே வாருங்கள், கட்டு இறுகினால் ராத்திரியென்றும் பார்க்காமல் வாருங்கள். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. எலும்பு மருத்துவரும் வலி மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது.

இந்த நோய் வந்தால் விடிவே இல்லை என்று பயமுறுத்துவதும் தவறு. பலருக்கு முதல் ஓராண்டுக்குள் நன்றாகவே குறைந்துவிடுகிறது. சிலருக்கு வருடக்கணக்கில் நீள்கிறது. நீள்கிறவர்களுக்குத் தூக்கமும் வேலையும் வீட்டில் இருந்த இடமும் போய்விடுகின்றன. அவர்களுக்கு மனநல ஆலோசகரின் துணையும் தேவைப்படும். அதை வைத்து, “பார், மனசுப் பிரச்சினைதான்” என்று யாரும் பழைய பல்லவியைத் தொடங்க வேண்டாம். வருடக்கணக்கில் எரிகிற கையை வைத்துக்கொண்டு மனம் வாடாமல் இருப்பவர் யார்?

பிசியோதெரபி அறையில் வேலை தொடங்குவது மிகச் சிறியதிலிருந்து. முதலில் பஞ்சால் ஒரு தடவல், சில விநாடிகள். அது பழகியபின் பட்டுத் துணி, பிறகு பருத்தித் துண்டு. எந்த நாளிலும் வலியை மீறி முறுக்கக் கூடாது. முறுக்கினால் மறுநாள் வீக்கம் கூடி, பத்து நாள் உழைப்பு வீணாகும். பிறகு ஒரு அகலமான பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி முன்னால் வைப்பார்கள். விரல் நுனியை மட்டும் உள்ளே விடச் சொல்வார்கள். இரண்டு மாதமாகச் சமையலறைப் பக்கமே போகாத ஒரு பெண், அந்த அரிசிக்குள் முதலில் ஒரு விரலை விடுவார், உடனே எடுப்பார், மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி விடுவார். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ ஐந்து விரலும் உள்ளே போகும். உள்ளே போன விரல்கள் மெதுவாக அரிசியை அள்ளிப் பார்க்கும்.